பழைய பலகையும் புதிய செயலியும்

ஒரு பொருள் பயனற்றதாயிற்று என்று தள்ளுமுன், அதன் குறை அதன் உடம்பில் உளதா, அன்றி அதற்கு நாம் கற்பியாது விட்ட பாடத்தில் உளதா என்று ஆராய்தல் வேண்டும். மாணாக்கர் விஷயத்தில் நல்லாசிரியர் கைக்கொள்ளும் இம்முறை யந்திரங்களின் விஷயத்திலும் கைக்கொள்ளத்தக்கதே. பழைய கணினியொன்றில் விரைவு மிக்க புதிய செயலியைப் பொருத்த விரும்புவோர் முதலில் அறியவேண்டுவது யாது, முதலில் செய்யவேண்டுவது யாது என்பவற்றை, யான் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்வேன்.

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்சார ரயில் வண்டியில், மறைமலைநகரை அடுத்து வரும் நிலையம் சிங்கப்பெருமாள் கோவில். சிறு குன்றொன்றிற் பாறையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் ஆலயத்தால் இவ்வூர் இப்பெயர் எய்தியது. முற்காலத்தில் யாத்திரிகர் இறங்கிய இந்நிலையத்தில் இப்பொழுது காலையிலும் மாலையிலும் காணப்படுவோர் பெரும்பாலும் தொழிற்சாலைச் சீருடை அணிந்த வாலிபரே. இங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் காரும், லாரியும், மோட்டார் சைக்கிளும் உருவாகின்றன. ஸ்ரீபெரும்புதூரிலோ கணினிகளே உருவாகியிருக்கின்றன. டெல் என்னும் கம்பெனி 2007-ஆம் ஆண்டில் அங்கே தன் தொழிற்சாலையைத் திறந்தது, எச்.பி. கம்பெனியின் கணினிகளும் அவ்வூரில் இணைக்கப்பெற்று வெளிவந்துள்ளன. இங்ஙனம் கணினி பிறக்கும் நிலத்தின் நடுவே வாழ்ந்தும், நம்மிற் பலர் தம் மேசைமேல் உள்ள கணினி காலையில் எங்ஙனம் கண்விழிக்கின்றது என்பதனை அறியார். அறியாமையால் வரும் நஷ்டமோ சிறிதன்று.

என் நண்பர் ஒருவர் டிப்ளமா முடித்து, ஒரகடத்தில் மோட்டார் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் முறைவேலை பார்ப்பவர். சிங்கப்பெருமாள் கோவிலில் வாடகை அறையில் வசிப்பவர். யந்திரத்தின் முன் நின்று உழைக்கும் நிலையிலிருந்து உறுப்புகளை வரையும் பகுதிக்கு மாறவேண்டுமென்பது அவர் விருப்பம். அதற்கென ஒரு தேர்வு ஒரு மாதத்தில் நடக்கவிருந்தது. கணினியில் முப்பரிமாணப் படம் வரையப் பழகவேண்டும். அவரது கணினியோ 2018-ஆம் ஆண்டின் இறுதியில் வாங்கியது. பெரிய படமொன்றைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் நின்று நின்று இயங்கும். ஆதலின் அவர் சில மாதங்கள் பணம் சேர்த்து, சென்னை ரிச்சி தெருவிற்குச் சென்று, விரைவு மிக்க செயலியொன்றை வாங்கிவந்தார். பழைய செயலியைத் தம் அக்காள் மகனுக்குத் தருவதாகவும் வாக்களித்தார். அச்சிறுவன் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை இரவு நண்பர் பழைய செயலியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, விசையை அழுத்தினார். விசிறிகள் சுழன்றன, விளக்கு எரிந்தது, திரை மட்டும் இருண்டே கிடந்தது. மும்முறை கழற்றி மும்முறை பொருத்தியும் பயனில்லை. மறுநாட் காலை பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "தம்பி, பலகை போய்விட்டது. புதுப்பலகை போட்டுவிடலாம்" என்றார். அதன் கிரயமோ நண்பரின் சம்பளத்திற் பெரும்பகுதியாகும். நண்பர் மனம் சோர்ந்து என்னிடம் வந்து, "அண்ணே, பலகையும் போயிற்று, பணமும் போயிற்று" என்றார். யான் அவரை நோக்கிக் கேட்ட முதற் கேள்வி, "பழைய செயலி இன்னும் உம் கையில் இருக்கின்றதா?" என்பதே. இருந்தது. யான் ஏன் அங்ஙனம் வினவினேன் என்பதை உணர்த்தவேண்டின், பயாஸ் என்பது யாது என்று முதலில் விளக்குதல் அவசியமாகின்றது.

கணினியின் உறுப்புகள் யாவும் வந்து சேரும் பெரிய பலகையைக் கடைவீதியில் மதர்போர்டு என்பர்; தமிழிலே தாய்ப்பலகை எனலாம். அதன் நடுவே, நுண்ணிய துளைகளோ முனைகளோ நிறைந்த ஓர் ஆசனத்தில் அமர்ந்து, கணக்குகள் அனைத்தையும் செய்வது பிராசஸர் எனப்படும் செயலி. செயலி எத்துணை வல்லமை உடையதாயினும், மின்சாரம் பாய்ந்த அந்த முதற்கணத்தில் அது ஒன்றும் அறியாதது. நினைவகம் எங்கே, தட்டு எங்கே, திரை எங்கே என்பன அதற்குத் தெரியா. ஆதலின் பலகையின்மீது எட்டுக் கால்களையுடைய சிறு சில்லொன்றில், விழித்தவுடன் செய்யவேண்டுவன யாவும் வரிசையாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. மின்சாரம் நின்றாலும் அழியாத இவ்வேட்டையே பயாஸ் என்கிறோம். உள்ளீட்டிற்கும் வெளியீட்டிற்கும் உரிய அடிப்படை முறைமை என்பது அச்சொல்லின் விரிவு.

இப்பெயர் 1970-களின் நடுவில் காரி கில்டால் என்னும் அமெரிக்க அறிஞர் அமைத்த சி.பி.எம். என்னும் இயக்க முறைமையில் தோன்றிற்று. 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். கம்பெனி தன் தனியாள் கணினியை வெளியிட்டபொழுது, இவ்வேடு மாற்றவியலாத சில்லில் எழுதப்பட்டிருந்தது. அதனை மாற்றவேண்டின் சில்லையே பிடுங்கி வேறு சில்லை வைத்தல் வேண்டும். பின்னர் ஜப்பான் தேசத்தில் தோஷிபா கம்பெனியிற் பணிபுரிந்த ஃபுஜியோ மசுவோகா என்பார் ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டு 1984-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். மின்சாரத்தாலேயே அழித்து மின்சாரத்தாலேயே எழுதக்கூடிய இந்நினைவகம் 1990-களில் தாய்ப்பலகைகளிற் புகுந்தது. அன்றுமுதல் பயாஸைப் புதுப்பித்தல் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய காரியமாயிற்று. இன்றைய பலகைகளில் உள்ளது யு.இ.எஃப்.ஐ. எனப்படும் விரிந்த முறைமையே. எனினும் பழைய பெயராலேயே மக்கள் அதனை வழங்குகின்றனர். யானும் அவ்வாறே வழங்குவேன்.

இனி, புதிய செயலிக்கும் இவ்வேட்டிற்கும் உள்ள தொடர்பைக் காண்போம். ஒவ்வொரு செயலிக் குடும்பத்திற்கும் நினைவகத்தைப் பழக்கும் முறை, மின்னழுத்தம் கேட்கும் முறை, பலகையோடு உரையாடும் முறை ஆகியவை தனித்தனியே உண்டு. இவற்றைக் கூறும் பகுதி பயாஸ் ஏட்டில் இருத்தல் வேண்டும். ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் செயலிகளில் இவ்வுண்மை மிகத் தெளிவாகப் புலப்படும். அவற்றினுள்ளே காவலாளி போன்ற சிறு செயலியொன்று முதலில் விழித்து, பயாஸ் சில்லில் தனக்குரிய பகுதியைத் தேடி, நினைவகத்தை ஆயத்தம் செய்த பின்னரே பெரிய செயலியை எழுப்புகின்றது. தனக்குரிய பகுதி ஏட்டில் இல்லையாயின், அது பெரிய செயலியை எழுப்புவதே இல்லை. விசிறி சுழலும், விளக்கு எரியும், திரையில் ஓரெழுத்தும் தோன்றாது. பலகை பழுதுறவில்லை; செயலியும் பழுதுறவில்லை; ஒன்றையொன்று அறியவில்லை, அவ்வளவே. நண்பருக்கு நேர்ந்தது இதுவே. பலகை செய்யப்பெற்ற 2018-ஆம் ஆண்டில், அவர் வாங்கிய ரைசன் 5 5600ஜி என்னும் செயலி பிறக்கவே இல்லை. அது 2021-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிறவாத குழந்தையின் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் எங்ஙனம் இருக்கும்?

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். ஆசனத்தில் ஒழுங்காகப் பொருந்துகின்ற செயலி எல்லாம் பயாஸ் மாற்றத்தால் இயங்கிவிடுமோ? இயங்கா. இதற்கு இரு கம்பெனிகளின் வரலாறும் சான்றாகும். ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.4 என்னும் ஆசனம் 1331 முனைகளை ஏற்பது. 2016-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2017 மார்ச்சு மாதத்தில் முதல் ரைசன் செயலிகளும், 2019-ஆம் ஆண்டில் மூவாயிர வரிசையும், 2020 நவம்பரில் ஐயாயிர வரிசையும் அதே ஆசனத்திற்கே வந்தன. ஆயினும் 2020 மே மாதத்தில் அக்கம்பெனி, பி450 முதலிய நானூற்று வரிசைப் பலகைகள் ஐயாயிர வரிசையை ஏற்கா என்று அறிவித்தது. ஏடு எழுதும் சில்லுகள் பலவற்றில் 16 மெகாபைட் இடமே உண்டு. எல்லாச் செயலிகளுக்கும் உரிய பகுதிகளை அதில் அடக்க இயலாது என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. பலகை வாங்கியோர் முறையிட்டனர். சில நாட்களிலேயே கம்பெனி தன் முடிவை மாற்றிக்கொண்டது. 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நானூற்று வரிசைக்குப் புதிய பயாஸ்கள் வரத் தொடங்கின. 2022-ஆம் ஆண்டில் அதற்கும் முந்திய முந்நூற்று வரிசைக்கும் அந்நன்மை கிட்டியது. இடம் போதாமையால் சில பலகைகளில் பழைய செயலிகளுக்குரிய பகுதியை நீக்கிவிட்டே புதியன எழுதப்பட்டன. ஆதலின் ஏட்டைப் புதுப்பித்தபின் மிகப் பழைய செயலி அப்பலகையில் இயங்காமற்போதலும் உண்டு.

இன்டெல் கம்பெனியின் வரலாறு வேறு. அதன் 1151 முனைகளையுடைய ஆசனத்தில் ஆறாம் தலைமுறைச் செயலி அமர்ந்த பலகைகள், பயாஸ் புதுப்பித்தலால் ஏழாம் தலைமுறையையும் ஏற்றன. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறைக்கும் முனைகள் அதே 1151 தான். ஆயினும் அதற்கெனப் புதிய முந்நூற்று வரிசைப் பலகை வேண்டுமென்று கம்பெனி விதித்தது. முனை எண்ணிக்கையைக் கண்டு பழைய பலகைக்கு அச்செயலியை வாங்கினோர் ஏமாந்தனர். பின்வந்த 1700 முனைகளையுடைய ஆசனத்திலோ, 2021-ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் தலைமுறைக்கென வந்த அறுநூற்று வரிசைப் பலகைகள், பயாஸ் புதுப்பித்தபின் பதின்மூன்றாம் பதினான்காம் தலைமுறைகளையும் ஏற்றன. ஆகவே உருவத்தைக் கண்டு முடிவு செய்தல் கூடாது. பலகை செய்த கம்பெனி தன் இணையதளத்தில் ஒவ்வொரு பலகைக்கும், இன்ன செயலிக்கு இன்ன பயாஸ் எண் முதல் இடமுண்டு என்று பட்டியல் வெளியிடுகின்றது. அப்பட்டியலில் இருப்பது இயங்கும். இல்லாததை வாங்காதிருத்தலே நலம்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையான கருத்திற்கு வருவோம். ஏட்டைப் புதுப்பித்தல் செயலி இயங்கும்போது செய்யப்பெறும் வேலை. புதிய செயலியோ ஏடு புதுப்பித்தாலன்றி இயங்காது. ஆகவே பழைய செயலி ஆசனத்தில் அமர்ந்திருக்கும்பொழுதே, அதன் கையாலேயே, தனக்குப் பின் வருபவனுக்குரிய பக்கத்தை ஏட்டில் எழுதுவித்தல் வேண்டும். முதலில் ஏடு, பின்னரே செயலி. இவ்வரிசை பிறழ்ந்தால் நல்ல பலகையும் நல்ல செயலியும் அருகருகே கிடந்தும் பயனில்லை.

இவ்விடர் என் நண்பர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2018 பிப்ரவரியில் ஏ.எம்.டி. கம்பெனி, படம் காட்டும் ஆற்றலும் உடன்கொண்ட இரண்டாயிர வரிசைச் செயலிகளை வெளியிட்டது. அவற்றை வாங்கியோர் பலர் முதன்முறை கணினி இணைப்போர். அவர்பாற் பழைய செயலி ஏது? கடையிற் கிடந்த பலகைகளிலோ 2017-ஆம் ஆண்டின் ஏடே இருந்தது. அப்பொழுது அக்கம்பெனி, வேண்டியவர்களுக்குச் சிறிய பழைய செயலியொன்றை இரவலாக அனுப்பி, அதனைக் கொண்டு பயாஸைப் புதுப்பித்துக்கொண்டு திருப்பியனுப்பச் செய்தது. உலகப் பெருங் கம்பெனியே இரவற் செயலி அனுப்பவேண்டிய நிலை ஏற்பட்டதெனில், பழைய செயலியைக் காலத்திற்கு முன் கைவிடலாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நிற்க. செய்முறையை இனி ஒழுங்காகக் கூறுவேன்.

முதலாவது, பலகையின் பெயரையும் திருத்த எண்ணையும் அறிதல். பெயர் பலகையின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும், ரெவ். 1.0, ரெவ். 2.0 என்பன போன்ற எண்ணும் அருகில் இருக்கலாம். ஒரே பெயருடைய பலகைகள் திருத்த எண் வேறாயின் வேறு ஏட்டை வேண்டுவன ஆகலாம். ஒன்றின் ஏட்டை மற்றொன்றில் எழுதுதல் கேடு. இப்பொழுதுள்ள பயாஸ் எண்ணை, கணினியைத் தொடங்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி வரும் பக்கத்திற் காணலாம். விண்டோஸில் எம்எஸ்இன்போ32 என்று தட்டியும் அறியலாம்.

இரண்டாவது, மேற்கூறிய பட்டியலில் நம் செயலியின் முழுப்பெயரைத் தேடுதல். பெயரின் ஈற்றெழுத்தையும் விடலாகாது. ரைசன் 5 5600ஜி என்பதனுள்ளே படம் காட்டும் பகுதி உண்டு; ஜி இல்லாத 5600 என்பதில் அஃது இல்லை. தனியே கிராபிக்ஸ் அட்டை இல்லாதவர் பின்னதை வாங்கினால், பயாஸ் எத்துணைப் புதியதாயினும் திரை இருண்டே இருக்கும். செயலி உண்ணும் வாட் அளவைப் பலகையின் மின்பகுதியும், வெப்பத்தை விசிறியும் தாங்குமா என்பதனையும் அப்பொழுதே பார்த்துக்கொள்க.

மூன்றாவது, பலகை செய்த கம்பெனியின் தளத்திலிருந்தே ஏட்டை இறக்கிக்கொள்ளுதல். வேறெங்கிருந்தும் பெறலாகாது. அதனோடு தரப்பட்டிருக்கும் குறிப்பையும் முழுதும் படித்தல் வேண்டும். மிகப் பழைய ஏட்டிலிருந்து மிகப் புதிய ஏட்டிற்கு ஒரே தாவலாகச் செல்லுதல் சில பலகைகளிற் கூடாது; இடையில் ஓர் ஏட்டை எழுதிய பின்னரே அடுத்ததற்குச் செல்லுமாறு குறிப்பிட்டிருப்பர். இறக்கிய கோப்பை விரித்து, ஃபேட்32 முறையில் ஒழுங்குசெய்த பென் டிரைவில் இடுக.

நான்காவது, தம் எழுத்துகளையும் படங்களையும் வேறிடத்திற் பிரதி எடுத்து வைத்தல். விண்டோஸில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இயங்குமாயின், அதன் மீட்புத் திறவுகோல் எண்ணை முன்னரே தாளில் எழுதிவைத்து, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தல் வேண்டும். அப்பூட்டின் இரகசியத்தைச் செயலியே காத்துவருகின்ற கணினிகளும் உண்டு. அவற்றிற் செயலியை மாற்றியவுடன் இரகசியம் பழையதனோடு போய்விடும். திறவுகோல் எண் இல்லாதார் தம் கோப்புகளைத் தாமே திறக்கவியலாது தவிப்பர். பலகையைக் காத்துப் பாடத்தை இழப்பதில் என்ன பயன்?

ஐந்தாவது, எழுதுதல். பயாஸ் பக்கத்திலேயே இதற்கென ஒரு கருவி உண்டு. விண்டோஸில் பல வேலைகள் நடந்துகொண்டிருக்கையில் எழுதுவதினும், அக்கருவியால் எழுதுவதே சிறந்தது. பென் டிரைவிலுள்ள கோப்பைக் காட்டி உத்தரவளித்தால், அது பழைய ஏட்டை அழித்துப் புதியதை எழுதி, எழுதியது சரியா என்று ஒப்பிட்டும் பார்க்கும். இதற்குச் சில நிமிஷங்கள் செல்லும். கணினி தானே அணைந்து தானே மீண்டும் தொடங்கலாம். ஒருமுறைக்கு மேற்படவும் அங்ஙனம் செய்யலாம். அப்பொழுது பதறி விசையை அழுத்துதல் கூடவே கூடாது. பதறாத காரியம் சிதறாது என்பது இவ்விடத்திற்கே சொன்னாற்போன்ற பழமொழி.

இச்சில நிமிஷங்களில் மின்சாரம் நின்றால் என்னாகும்? பழைய ஏடு அழிந்திருக்கும். புதிய ஏடு பாதியே எழுதப்பட்டிருக்கும். கணினி விழித்தற்கு வழியிராது. ஏடழிந்த கணினியின் நிலை எத்தகையது என்பதனை உலகம் 1999 ஏப்ரல் 26-ஆம் நாளிற் கண்டது. சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் அன்று ஆசிய நாடுகள் பலவற்றில் எண்ணிறந்த கணினிகளின் தட்டுகளை அழித்ததோடு, பயாஸ் சில்லுகளிலும் குப்பையை எழுதிற்று. அக்கணினிகளிற் பல சில்லை மாற்றும்வரை எழவில்லை. ஆகவே ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் இடி முழங்கும் மாலையிலோ, மின்வாரியம் பராமரிப்பிற்கென மின்தடை அறிவித்த நாளிலோ இவ்வேலையைத் தொடங்கலாகாது. யு.பி.எஸ். இருப்பின் நலம். நம் வீடுகளில் விசிறிக்கும் விளக்கிற்குமென வைத்திருக்கும் இன்வெர்ட்டரை அங்ஙனமே நம்பிவிடலாகாது. மின்சாரம் நின்று மின்கலத்திற்கு மாறும் அந்தச் சிறு இடைவெளியில் விசிறி நில்லாது, கணினியோ அணைந்துவிடக்கூடும். இன்வெர்ட்டர் பலவற்றின் பின்புறத்தில் யு.பி.எஸ். நிலை என ஒரு விசை உண்டு. அதனைத் திருப்பி வைத்து, வேறொரு நாளில் வீட்டு மின்சாரத்தை நிறுத்திப் பார்த்து, கணினி அணையாதிருப்பதைக் கண்ட பின்னரே அதனை நம்புக.

தவறு நேர்ந்துவிடினும் எல்லாம் முடிந்ததென்று எண்ணவேண்டுவதில்லை. சில பலகைகளில் ஏடு இரண்டு சில்லுகளில் இருக்கும். ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும். வேறு சிலவற்றில் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்னும் விசை உண்டு. அதனை அழுத்தினால் செயலியே இல்லாமல் பென் டிரைவிலிருந்து ஏடு எழுதப்பெறும். இவ்விசையுடைய பலகைக்குப் பழைய செயலியும் வேண்டுவதில்லை. இவ்விரண்டும் இல்லாவிடின், சில்லின் எட்டுக் கால்களைக் கவ்வும் கிளிப்பு ஒன்றையும் எழுதுகருவியையும் கொண்டு, வெளியிலிருந்தே ஏட்டை எழுதிக் கொடுக்கும் பழுதுபார்ப்போர் ரிச்சி தெரு முதலிய இடங்களில் உளர்.

ஆறாவது, செயலியை மாற்றுதல். ஏடு எழுதி முடிந்தபின், பழைய செயலியோடு ஒருமுறை கணினியைத் தொடங்கிப் புதிய எண் காணப்படுகிறதா என்று பார்க்க. பின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு விசிறியைக் கழற்றுக. ஏ.எம்.4 செயலிகளின் முனைகள் செயலியின் அடியிலேயே உள்ளன. வெப்பப்பசை காய்ந்திருப்பின் விசிறியை இழுக்கும்போது செயலியும் உடன் பிடுங்கிக்கொண்டு வந்து முனைகள் வளையும். அதனைத் தவிர்க்கச் சிறிது நேரம் கணினியை ஓடவிட்டு, பசை இளகியபின் அணைத்து, விசிறியை மெல்லத் திருகிக் கழற்றுதல் வேண்டும். புதிய செயலியின் மூலையிலுள்ள முக்கோணக் குறியை ஆசனத்தின் குறியோடு பொருத்தி, நெம்புகோலை உயர்த்தி, அழுத்தாமல் தானே இறங்கும்படி வைக்க. புதிய பசை இட்டு விசிறியைப் பூட்டுக. முதன்முறை திரை ஒளிர்தற்குச் சற்றுத் தாமதமாகலாம். நினைவகத்தை அது பழக்கிக்கொண்டிருக்கின்றது என்று பொறுத்திருக்க.

செய்முறை இவ்வளவே. ஆயினும், புதிய பயாஸ் வந்தபோதெல்லாம் புதுப்பித்தே தீரவேண்டுமோ எனின், காரணமின்றிச் செய்தல் வீண். புதிய செயலி வேண்டும்போதும், பாதுகாப்புக் குறையொன்றை நீக்கவும், செயலிக்கே கேடு வாராமற் காக்கவும் செய்தல் அவசியம். 2024-ஆம் ஆண்டில் இன்டெல் கம்பெனியின் பதின்மூன்றாம் பதினான்காம் தலைமுறைச் செயலிகள் சில, வேண்டியதினும் மிகுந்த மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றுத் தம்மைத் தாமே கெடுத்துக்கொண்டன. அதனைத் திருத்தும் நுண்கட்டளைகள் அவ்வாண்டு ஆகஸ்டு முதல் பயாஸ் வழியாகவே அளிக்கப்பெற்றன. முன்னரே புதுப்பித்தோர் செயலி பிழைத்தது. கெட்டுப்போன செயலியையோ எந்த ஏடும் மீட்கவில்லை.

இனி நண்பரின் நிலைக்குத் திரும்புவோம். சனிக்கிழமை மாலை யாங்கள் பழைய செயலியை மீண்டும் ஆசனத்தில் அமர்த்தினோம். செத்ததென்று கூறப்பட்ட பலகை உடனே கண்விழித்தது. பட்டியலைப் பார்த்தோம்; 5600ஜி அதில் இருந்தது. இடையேடு ஒன்றும் ஈற்றேடு ஒன்றுமாக இருமுறை எழுதவேண்டியிருந்தது. அயலிலிருந்த அச்சகத்தாரிடம் யு.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி வைத்தோம். எழுதும் அளவு மெல்ல மெல்ல ஏறிய அந்நிமிஷங்களில் அறையில் ஒருவரும் பேசவில்லை. இரண்டாம் முறை முடிந்து புதிய எண் தோன்றியபின் செயலியை மாற்றினோம். சற்று நேரம் இருண்டிருந்த திரையில் புதிய செயலியின் பெயர் எழுந்தது. புதுப்பலகைக்கென ஒரு ரூபாயும் செலவாகவில்லை. அன்றிரவே அவர் தம் படங்களை வரையத் தொடங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகன் வந்தான். அவன் வீட்டிலுள்ளது 2017-ஆம் ஆண்டின் பலகை. ஏ-வரிசைச் செயலி பொருத்தியது. "செயலியை எடுத்துப் போகட்டுமா, மாமா?" என்று ஆவலோடு கை நீட்டினான். நண்பர் தரவில்லை. "பொறு. உன் பலகையின் பெயர் என்ன? அதில் இருக்கும் பயாஸ் எண் என்ன? முதலில் அதைப் பார்த்துச் சொல், இதை உன் கையில் தருகிறேன்" என்றார். சிறுவன் விழித்தான். யான் மகிழ்ந்தேன். இரு நாட்களுக்கு முன் இருண்ட திரையின் முன் செய்வதறியாது நின்றவர், இப்பொழுது பிறனொருவனை அந்த இருளிலிருந்து முன்னதாகவே காத்துவிட்டார். அடுத்த வாரம் அச்சிறுவன் தன் பழைய செயலியைக் கொண்டே ஏட்டைப் புதுப்பித்துவிட்டு வந்து, மாமன் தந்த செயலியைப் பெற்றுச் சென்றான்.

மாணவ நண்பர்காள்! ஒருவர் கைவிட்ட செயலி மற்றொருவர்க்கு உதவுதலும், பழைய பலகை இன்னும் சில ஆண்டுகள் குப்பையைச் சேராதிருத்தலும் நம் போன்ற எளியோர் நாட்டிற்குச் சிறு நன்மையல்ல. அவை கைகூடுதற்கு வேண்டுவது பெரும் பொருளன்று. வாங்குமுன் பட்டியலைப் படிக்கும் பொறுமையும், ஏட்டை முன்வைத்துச் செயலியைப் பின்வைக்கும் ஒழுங்குமே. திரை இருண்டபோது பலகை செத்ததென்று பிறர் கூறினும், அதற்கு அறிவிக்கவேண்டியதை நாம் அறிவித்தோமா என்று ஒருமுறை நம்மையே வினவிக்கொள்வோமாக.